24, 50, 120: ஹாலுக்கு ஒரு டிவி

டிவி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பெனி, எத்தனை இஞ்ச் என்பதற்கெல்லாம் முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுத் திரையில் என்னென்ன ஓடும்? கிரிக்கெட், சினிமா, வீடியோ கேம் மூன்றும் ஓடும் என்றால் யோசித்துத்தான் வாங்க வேண்டும். மூன்றும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தாலும் ஓட்டம் வேறு வேறு. சினிமாவுக்கு நொடிக்கு 24 படங்கள். நம் ஊர் கிரிக்கெட் ஒளிபரப்புக்கு 50. கேமுக்கு 60, சிலவற்றுக்கு 120. இந்த மூன்றையும் ஒரு டிவி எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடையில் முதலில் காட்டும் 4கே, ஹெச்டிஆர், ஸ்மார்ட் என்ற மூன்று சொற்களும் இன்று ஏறக்குறைய எல்லா அட்டைப்பெட்டியிலும் இருக்கின்றன. அவற்றை வைத்து நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க முடியாது.

சமீபத்தில் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்கு டிவி தேடினோம். அத்தானுக்கு கிரிக்கெட், டெஸ்ட் மேட்ச் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். அக்காவுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு படம். மருமகனுக்கு பிஎஸ்5. ஹால் மேற்குப் பார்த்தது, பெரிய ஜன்னல், மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வரும். நம் வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கும் என்பதால், அங்கே யோசித்ததை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த 50. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிவி ஒளிபரப்பும் அந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், இலங்கை எல்லாம் இதே கணக்குதான். அமெரிக்கா 60. செட் டாப் பாக்ஸ் வழியாகப் பார்க்கும்வரை தொல்லை இல்லை. பாக்ஸ் 50 அனுப்பும், டிவியும் 50-க்கு மாறிக்கொள்ளும். ஆனால் இப்போது பலரும் மேட்ச் பார்ப்பது ஆப் வழியாக. டிவியில் செருகும் ஸ்டிக்குகள் பலவும், நாம் செட்டிங்கில் மாற்றாத வரை, வருவதை எல்லாம் 60-ஆகவே அனுப்புகின்றன. 50 படங்களை 60 இடங்களில் நிரப்ப வேண்டுமானால் நொடிக்குப் பத்துப் படங்களை இரண்டு முறை காட்டியாக வேண்டும். கவர் டிரைவ் ஒன்று பவுண்டரிக்கு ஓடுகிறது, கேமரா பின்னாலேயே திரும்புகிறது. அப்போது பாருங்கள், புல்தரை வழுக்கிக்கொண்டு போகாமல் வெட்டி வெட்டிப் போகும். நெட் சரியில்லை என்று நினைத்து ரவுட்டரை மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஸ்டிக்கின் டிஸ்ப்ளே செட்டிங்கில், படத்தின் ஃபிரேம் ரேட்டுக்குத் தகுந்தபடி திரையை மாற்று என்ற அர்த்தத்தில் ஒரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்து பாருங்கள். அந்த ஆப் ஒத்துழைத்தால் பந்து சீராக ஓட ஆரம்பித்துவிடும். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்களில் சில தானாக மாறிக்கொள்ளும், சில மாறாது. கடையில் மேட்ச் ஓடவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டம் சீரானாலும் பந்து மங்கலாகத் தெரியும் பிரச்சினை தனியாக இருக்கிறது. பழைய குழாய் டிவியில் ஒவ்வொரு படமும் ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்துவிடும். தட்டைத் திரை அப்படியில்லை. அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்துவைத்திருக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் அந்த நேரம் 16.7 மில்லிசெகண்ட். நம் கண் பந்தோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, படமோ நகராமல் நிற்கிறது. அந்த இடைவெளிதான் மங்கலாகத் தெரிகிறது. எவ்வளவு விலை உயர்ந்த திரையானாலும் இது உண்டு. 120 ஹெர்ட்ஸ் திரையில் இடையிடையே படங்களைச் சேர்த்து ஓட்டும்போது குறையும். கபடி பார்ப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ரெய்டர் கோட்டைத் தொடும் அந்தக் கால் நுனி, 60-லும் 120-லும் ஒரே மாதிரி தெரியாது.

இங்கேதான் ஏமாறாமல் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் '240 மோஷன் ரேட்' என்றோ 'எம்இஎம்சி 120' என்றோ போட்டிருக்கும். உள்ளே இருப்பது 60 ஹெர்ட்ஸ் பேனலாக இருக்கலாம். இன்னொன்று 'டிஎல்ஜி 120'. அது 4கே 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்து எழுதி வேகத்தைக் கூட்டும் முறை. 120-ல் ஓடும்போது செங்குத்துத் தெளிவு பாதியாகிவிடும். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான 120-க்கு ஈடாகாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "பேனல் நேட்டிவ்வா 120 ஹெர்ட்ஸா?" என்பதுதான். விற்பனையாளர் தயங்கினால் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் விவரப் பட்டியலைப் பாருங்கள்.

கிரிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, திரை முழுக்க ஒரே பச்சை. சேப்பாக்கத்தில் உயரக் கேமரா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பும்போது, பின்னொளி சீராக இல்லாத பேனலில் பச்சையின் மேல் நிழல் பட்டைகள் நகராமல் நிற்கும். படம் நகர்கிறது, பட்டை நிற்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதுதான் தெரியும். இது மாடலுக்கு மாடல் மட்டுமல்ல, ஒரே மாடலில் பெட்டிக்குப் பெட்டிகூட வேறுபடும். டிவி வீட்டுக்கு வந்ததும் ஒரு சாம்பல் நிறப் படத்தைத் திரை முழுக்கப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாற்றிக் கேட்பதென்றால் அந்த முதல் சில நாட்களில்தான் முடியும்.

இரண்டாவது, சாதா சேனல். எஸ்டி சேனலில் வருவது 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. இருபது புள்ளிகளில் ஒன்றுதான் சேனலிலிருந்து வருகிறது, மிச்சம் பத்தொன்பதையும் டிவியின் சிப் தானாக ஊகித்து நிரப்புகிறது. புது டிவியில் சீரியல் பழைய டிவியைவிட மோசமாகத் தெரிகிறது என்று பெரியவர்கள் சொன்னால் அது வெறும் பிரமை இல்லை. இந்த ஊகிக்கும் வேலையை சோனி நெடுங்காலமாக நன்றாகச் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்தக் கம்பெனியானாலும் கடையில் 4கே டெமோவை நிறுத்தச் சொல்லி ஒரு எஸ்டி சேனலைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து 24, சினிமா. பேசும்படம் வந்த காலத்தில் ஒலிக்காக நிலைபெற்ற வேகம் இது. இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லாப் படமும் இந்த வேகத்தில்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24-ஐ ஓட்டினால் ஒரு படத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டிவரும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அந்தத் தடுமாற்றம் தெரியும். 120-ல் ஒவ்வொரு படத்தையும் ஐந்து முறை, கணக்கு சுத்தம். கேம் விளையாடாத வீட்டுக்கும் 120 பேனலை நான் சிபாரிசு செய்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே 120 திரை, படத்துக்குப் படம் நடுவே தானாக இட்டுக்கட்டிய படங்களைச் செருகவும் தெரிந்துவைத்திருக்கிறது. மோஷன் ஸ்மூத்திங் என்பார்கள். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மேட்சுக்கு அது உதவும். சினிமாவுக்குப் போட்டால் ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து எடுத்த காட்சி, ஸ்டுடியோவில் எடுத்த சீரியல் மாதிரி ஆகிவிடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த வருடம் 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயர் உங்கள் டிவியில் இருந்தால் சினிமாவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளடித்த மாதிரி தோன்றும். கண் பழகிய பிறகு மற்ற மோடுகள்தான் நீலமாகத் தெரியும்.

சினிமாவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் கறுப்பு. நான் கடைக்குப் போனால் பென் டிரைவில் கொண்டுபோவது இரவுக் காட்சிகளைத்தான். 'கைதி' (2019) முழுக்க ஒரே இரவில் நடக்கும் கதை. இருட்டில் லாரி, எதிரே ஹெட்லைட், முகத்தில் பாதி வெளிச்சம். சாதாரண எல்இடி டிவியில் அந்த இருட்டு சாம்பலாகத் தெரியும்; லாரிக்குப் பின்னால் நிற்கும் மரங்களும் வானமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 'நாயகன்' (1987) படத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் நிழலை வைத்து எழுதிய முகங்களுக்கும் இதே கதிதான்.

காரணம் எளிது. எல்இடி டிவிக்குள் இருக்கும் எல்சிடி பேனலுக்குச் சொந்த ஒளி கிடையாது, பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேனல் அதை மறைக்கத்தான் பார்க்கும். மறைக்கும் திறமையில் இரண்டு சாதி. விஏ பேனல் ஒளியை நன்றாக மறைக்கும், பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் நிற்கும், இருட்டு மட்டும் சாம்பல்தான். க்யூஎல்இடி என்ற பெயர் நிறத்துக்கான குவாண்டம் டாட் படலத்தைக் குறிப்பது. அதுவும் எல்சிடிதான், கறுப்புக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மினி எல்இடியில் பின்விளக்குகள் பொடிப்பொடியாக, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் மேடை விளக்கை மட்டும் எரியவிட்டு மற்ற வரிசைகளை அணைப்பதைப்போல, இருட்டான பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளை மட்டும் குறைத்துவிடும். பகுதிகள் குறைவாக இருந்தால், இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி ஒரு புகை வளையம் தெரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். பின்விளக்கே இல்லை. கறுப்பு என்றால் கறுப்பு. அறையை இருட்டாக்கிப் படம் பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்படியானால் அக்கா வீட்டுக்கு ஏன் ஓஎல்இடி சொல்லவில்லை? அந்த மேற்கு ஜன்னல்தான் காரணம். பிற்பகல் வெயிலில் திரை முழுக்கப் பச்சைப் புல்தரையைக் காட்ட வேண்டும் என்றால் ஒளி நிறைய வேண்டும். சின்ன இடத்தில் பளிச்சென்று ஒளிரும் ஓஎல்இடி, திரை முழுவதும் ஒளிர வேண்டியபோது குறைத்துக்கொள்ளும். நல்ல மினி எல்இடி அந்த இடத்தில் அசராது. இன்னொன்று, அந்த வீட்டில் காலையில் ஒரு செய்தி சேனல் போட்டால் மத்தியானம் வரை அதே சேனல்தான். மூலையில் அதே லோகோ, கீழே அதே சிவப்புப் பட்டை. மேட்ச் என்றால் அதே ஸ்கோர் கார்டு. வருடக்கணக்கில் இப்படி ஓடினால் ஓஎல்இடியில் அந்த இடம் தேய்ந்து தழும்பாகலாம். இதைத் தடுக்க இப்போது டிவிக்குள்ளேயே பல ஏற்பாடுகள் இருக்கின்றன, நாலு விதமாகப் பார்க்கும் வீட்டில் பயப்பட வேண்டியதில்லை. ஒரே சேனல் நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். வாரண்டியிலும் பெரும்பாலும் இது சேராது.

மருமகன் விஷயத்துக்கு வருவோம். "மாமா, ஹெச்டிஎம்ஐ 2.1 இருந்தா போதும்ல?" என்றான். போதாது. 2.1 என்ற பெயரில் அடங்கும் வசதிகளில் பெரும்பாலானவை கட்டாயமில்லை. ஓரிரண்டை வைத்துக்கொண்டு 60 ஹெர்ட்ஸ் டிவிகூட அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடிகிறது. கேட்க வேண்டியது 4கே-யில் 120 போகுமா, விஆர்ஆர் உண்டா என்று. விஆர்ஆர் இருந்தால் கேம் எந்த வேகத்தில் படங்களைத் தருகிறதோ அந்த வேகத்துக்குத் திரை ஏறி இறங்கும். பிஎஸ்5-இல் அது 48-லிருந்து 120 வரை. கேமின் வேகம் குறையும் இடங்களில் படம் கிழிந்தாற்போல் தெரியாது. ஏஎல்எல்எம் இருந்தால் கன்சோலை ஆன் செய்ததும் டிவி தானாகவே கேம் மோடுக்கு மாறும்.

கேம் மோடு சாதாரண விஷயமில்லை. படத்தை அழகுபடுத்த டிவி எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கேமுக்கு எதிரி. மற்ற மோடுகளில் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே 100 மில்லிசெகண்ட் வரைகூடப் போகும். 60 கணக்கில் அது ஆறு படங்கள். ஃபுட்பால் கேமில் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் ஆறு படம் தாமதம் என்றால் பந்து போய்விட்டது. கேம் மோடில் நல்ல டிவிகள் இதை 10, 15 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அவனிடம் ஒன்று சொன்னேன், இங்கும் சொல்கிறேன். பிஎஸ்5-இல் 120-ல் ஓடும் கேம்கள் குறைவு. பெரும்பாலானவை 30 அல்லது 60. கதை கேம்களை மட்டும் விளையாடுபவர்கள் 120-க்காகக் கடன் வாங்க வேண்டாம், தாமதம் குறைந்த டிவியே போதும். ஆன்லைனில் சுடும் கேம் ஆடுபவர்களுக்குத்தான் அது கையில் தெரியும்.

போர்ட்டுகளை எண்ணிப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாலு ஹெச்டிஎம்ஐ இருக்கும் பல டிவிகளில் 4கே 120 தாங்குவது இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பாரும் பிஎஸ்5-உம் செருகியாயிற்று என்றால் நாளை வாங்கப்போகும் கேமிங் கம்ப்யூட்டருக்கு இடமில்லை. எல்ஜியின் சி வரிசை ஓஎல்இடிகளில் நான்கு போர்ட்டும் முழு வேகம். சவுண்ட்பாரைப் பற்றிக் கேட்டால், பட்ஜெட்டில் அதற்கும் சேர்த்து ஒதுக்குங்கள் என்று மட்டும் சொல்வேன். மெல்லிசான டிவியில் வசனம் தெளிவாகக் கேட்பது அபூர்வம்.

அளவுக்குக் கணக்கு சுலபம். திரையின் அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் சோபா இருந்தால் சினிமாவுக்கு நிறைவாக இருக்கும். அக்கா வீட்டில் சுவரிலிருந்து சோபாவுக்கு 9 அடி. அதாவது 275 சென்டிமீட்டர் மாதிரி. 65 இஞ்ச் டிவியின் அகலம் 144 சென்டிமீட்டர், பொருந்துகிறது. 55-க்கும் 65-க்கும் பத்து இஞ்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும்; திரையின் பரப்பு 40 சதவீதம் கூடுகிறது. சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து திரையின் கால் பங்கு போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 43 இஞ்ச் டிவியில் அப்படிப்பட்ட படத்தின் உயரம் 40 சென்டிமீட்டர்தான்.

ஷோகேஸுக்கு மேலே, ஆள் உயரத்துக்கு மேல் டிவியை மாட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே திரையின் நடுப்பகுதியோ, அதற்குக் கொஞ்சம் கீழோ இருக்க வேண்டும். டெஸ்ட் மேட்ச் முழுக்கக் கழுத்தைத் தூக்கிப் பார்ப்பவருக்கு அஞ்சாம் நாள் தைலம்தான் தேய்க்க வேண்டிவரும். விஏ பேனல் என்றால் கீழேயிருந்து பார்க்கையில் நிறமும் கெடும்.

விலையில் ஒரு நல்ல செய்தி. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அந்த மிச்சத்தை நான் அளவில் போட மாட்டேன், பேனலில் போடுவேன். 65 இஞ்ச் 60 ஹெர்ட்ஸ் டிவியும் 55 இஞ்ச் 120 ஹெர்ட்ஸ் மினி எல்இடியும் ஒரே விலைக்குக் கிடைத்தால், மூன்றும் ஓடும் வீட்டுக்கு 55-ஐத்தான் எடுக்கச் சொல்வேன். அக்கா வீட்டில் பட்ஜெட் இடம் கொடுத்தது, 65 இஞ்ச் மினி எல்இடி, 120 ஹெர்ட்ஸ் விஏ பேனல் எடுத்தோம். பக்கவாட்டில் இருக்கும் ஊஞ்சலில் உட்காருபவருக்கு மட்டும் நிறம் லேசாக வெளுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ராத்திரி படம் பார்ப்பது மட்டுமே உங்கள் வேலை, அறையை இருட்டாக்க முடியும் என்றால் ஓஎல்இடி எடுங்கள், இரண்டாம் யோசனை வேண்டாம். டால்பி விஷன் என்ற ஹெச்டிஆர் வகை இருக்கிறதா என்று சிலர் துருவுவார்கள். சாம்சங்கில் அது கிடையாது, ஹெச்டிஆர்10 ப்ளஸ் உண்டு. அந்த ஒன்றுக்காக நல்ல பேனலை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒளி அளவில் 300 நிட்ஸ்கூடத் தொடாத திரையில் எந்த ஹெச்டிஆர் முத்திரை இருந்தும் பயனில்லை.

கடையில் டிவிகள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் ஷோரூம் மோடில் இருக்கும். சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுத் தூரம் எவ்வளவோ அவ்வளவு பின்னால் போய் நில்லுங்கள், பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். இதற்கெல்லாம் சலித்துக்கொள்ளாத கடைக்காரர் கிடைத்தால் ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் அங்கேயே வாங்கலாம்.

மாட்ட வருபவர் சுவரில் துளை போட்டு, நெட் இணைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும். பிஎஸ்5 செருகிய போர்ட்டுக்கு மட்டும் முழு வேகத்தை செட்டிங்கில் தனியாக ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். பல டிவிகளில் அது ஆஃபாகவே வருகிறது. சினிமாவுக்கு ஃபிலிம்மேக்கர் மோட், ஸ்மூத்திங் ஆஃப். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள், முகங்களின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு போய்விடும். மேட்சுக்குத் தனி மோடு வைத்து, அதில் மட்டும் ஸ்மூத்திங்கைப் பாதி அளவில் விடுங்கள். முழுக்க வைத்தால் மட்டையைச் சுற்றிப் படம் உடையும். கடைசியாக, பவர் சேவிங் என்று ஒன்று ஆனில் இருக்கும், அது பல டிவிகளில் ஒளியைக் குறைத்துவிடும். பகல் மேட்ச் பார்க்கும் மோடிலாவது அதை அணைத்துவிடுங்கள்.